தகவல் சேகரிக்கும் வேலைக்கு ஒரு கிராண்ட் வருகிறது. இந்த மூன்று நிபந்தனைக்கும் சம்மதிக்கலாமா?

பெகுக்காரி:

வணக்கம். சொந்த ஊர் பெகு, இருப்பது ரங்கூன். ஒரு சின்ன உள்ளூர் அமைப்பில் கணக்கும் கிராண்ட் வேலையும் பார்க்கிறேன். பெரிய அமைப்புகளில் இதற்கு ஐந்து பேர் இருப்பார்கள், இங்கே அந்த ஐந்து பேரும் நான்தான். அமைப்பின் பெயரும் நாங்கள் போகும் ஊர்களின் பெயரும் இங்கே வேண்டாம். ஏன் என்று பர்மாவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எங்கள் வேலை தகவல். எந்தப் பாலம் திறந்திருக்கிறது, எந்த ஊர்க் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, கூடாரங்களில் எத்தனை குடும்பம், அரிசி என்ன விலை, மருந்துக் கடையில் இன்சுலின் உண்டா, இதெல்லாம் தன்னார்வலர்கள் வாராவாரம் கேட்டு அனுப்புவார்கள். அதை ஒரே பக்கமாகச் சுருக்கி, பர்மிய மொழியிலும் மோன், கரேன் மொழிகளிலும் போடுகிறோம். உதவி கொண்டு வருகிற அமைப்புகளுக்கும் போகும், ஊர்ச் சனங்களுக்கும் போகும். 2023 அக்டோபரில் பெகு ஊரே தண்ணீரில் நின்றபோது தொடங்கிய வேலை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு கையை மீறிவிட்டது. மாந்தலே, சகாய்ங் பெயர்தான் வெளிச் செய்திகளில் அதிகம் வந்தது, ஆனால் தவுங்கூ பக்கமும் நிறைய இடிந்தது.

பணக்கதை சுருக்கமாக: முன்பு அமெரிக்கப் பணம் மூன்று கை மாறி எங்களுக்கு வரும். 2025 ஜனவரி 20-ஆம் தேதி வெளிநாட்டு உதவிக்கு 90 நாள் நிறுத்தம் என்று ஆணை வந்ததும் அது நின்றது, அப்புறம் திரும்பி வரவே இல்லை. இப்போது ஒரு பெரிய சர்வதேச அமைப்பு, ஐரோப்பிய நிதியில் ஒரு பங்கை எங்களுக்கு சப்-கிராண்டாகத் தருகிறேன் என்கிறது. ஒரு வருடத்துக்கு. ஒப்பந்தம் மேசையில் இருக்கிறது. மூன்று இடத்தில் எனக்கு உறுத்துகிறது.

முதலில் தரவு. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் மூலத் தரவு முழுவதையும் அனுப்ப வேண்டுமாம். கூடவே ஒரு எக்செல் தாள் வந்தது. திறந்தால் ஊர், கூடாரத்தின் ஜிபிஎஸ் புள்ளி, குடும்பத் தலைவர் பெயர், போன் நம்பர், இனம், தகவல் எடுத்தவர் பெயர், அவருடைய போன் நம்பர் என்று கட்டங்கள் வலது பக்கம் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சேகரித்தது எல்லாம் நிதி வழங்குநரின் சொத்து என்று கடைசிப் பக்கங்களில் ஒரு வரி வேறு.

அடுத்தது ஓவர்ஹெட், அதாவது அமைப்பை நடத்தும் பொதுச் செலவுக்கான சதவீதம். அவர்களுக்கு 7 சதவீதம், எங்களுக்கு ஒன்றுமில்லை. அலுவலக வாடகை, ஜெனரேட்டருக்கு டீசல், ஆடிட் செலவு எல்லாவற்றையும் எங்கள் அமைப்பின் பங்களிப்பு என்று எழுதச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, பட்ஜெட்டும் கணக்கும் மத்திய வங்கியின் அதிகாரபூர்வ விகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். பர்மியப் பணமான கியாட்டில் பிழைப்பு நடத்துபவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும்.

கமிட்டிப் பெரியவர்கள் "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா, கையெழுத்துப் போடு" என்கிறார்கள். சம்பளம் பாக்கி இருக்கிறது, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த எக்செல் தாளைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே இல்லை. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தைப் பேசித் திருத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை (ரங்கூன்):

அம்மா, மாடு தானமாக வரவில்லை. ஊர் ஊராகப் போய்த் தகவல் எடுக்க அவர்களால் முடியாது, உங்களால் முடியும், அதற்குத்தான் பணம். கமிட்டியில் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

நான் ஆடிட் வேலை பார்ப்பவன், தரவு பற்றி எனக்குத் தெரியாது. மற்ற இரண்டையும் சொல்கிறேன்.

விகிதம். 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்று வைத்தது. வெளிச்சந்தையில் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்போது அச்சகக்காரர் 44 லட்சம் கியாட் என்று விலைச்சீட்டு தருகிறார் என்று வையுங்கள். 4,400 விகிதத்தில் அது 1,000 டாலர். 2,100-இல் போட்டால் 2,095 டாலர். பாங்காக்கிலோ ஜெனீவாவிலோ உட்கார்ந்து சரிபார்ப்பவருக்குப் பின்கதை தெரியாது. இத்தனை பக்கம் அச்சடிக்க இரண்டாயிரம் டாலரா என்று கேள்வி வரும், நீங்கள் பதில் எழுதிக்கொண்டே இருப்பீர்கள். இது பரவாயில்லை. இன்னும் மோசமானது, பட்ஜெட் போட்டது ஒரு விகிதம், வங்கி பணத்தை மாற்றிக் கொடுத்தது ஒரு விகிதம், கணக்கு எழுதுவது ஒரு விகிதம் என்று மூன்றும் மூன்று திசையில் நிற்பது. ஆண்டு முடிவில் மிச்சமா பற்றாக்குறையா என்றே யாருக்கும் தெரியாது.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு தவணைக்கும் வங்கி தருகிற வரவுச் சீட்டில் என்ன விகிதம் இருக்கிறதோ அதுதான் அந்தத் தவணைச் செலவுக்கும் விகிதம். பட்ஜெட் போட்ட விகிதத்துக்கும் வந்த விகிதத்துக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் பட்ஜெட்டைத் திருத்தலாம் என்று ஒரு வரி. மாற்று நஷ்டத்தை நீங்கள் சுமக்கக் கூடாது என்று இன்னொரு வரி. நிதி தருபவர்களின் கணக்காளருக்கும் இது நிம்மதி, காகிதம் கையில் இருக்கிறதே. வங்கிக்கு வெளியே, உண்டியல்காரர் கையில் அனுப்பினால் நல்ல விகிதம் கிடைக்குமே என்று கமிட்டியில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வரவுச் சீட்டு இல்லாத பணத்தை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஓவர்ஹெட். ஐ.நா. அமைப்புகளும் மற்ற மனிதாபிமான அமைப்புகளும் சேரும் ஐஏஎஸ்சி குழு 2022-இல் இதற்கென்றே வழிகாட்டி ஒன்று போட்டது. உள்ளூர்ப் பங்காளிகளுக்கும் ஓவர்ஹெட் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அமெரிக்க அரசின் விதியில், தனி விகிதம் பேசி வாங்காத அமைப்பு எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு 10-லிருந்து 15 சதவீதமாக 2024 அக்டோபரில் உயர்ந்தது. உங்களுக்கு வருவது ஐரோப்பியப் பணம், அந்த விதி இவர்களைக் கட்டாது, ஆனால் பேசும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் மறுத்தால் வாடகை, டீசல், ஆடிட் மூன்றையும் நேரடிச் செலவாகப் பட்ஜெட்டில் ஏற்றுங்கள். தகவல் திட்டத்துக்கு மின்சாரம் இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடாது, அது நேரடிச் செலவில்லாமல் வேறென்ன?

பதிவுச் சான்றிதழ் பற்றி ஏதாவது கேள்வி இருந்தால் தனிமடலில் கேளுங்கள். இங்கே வேண்டாம்.

மோல்மேன் அண்ணன்:

தங்கச்சி, மற்ற இரண்டும் காசு விஷயம், பேசினால் தீரும். அந்த எக்செல் தாளில் மட்டும் இறங்கி வராதே. நான் தகவல் வேலையில் பழையவன், 2008-இல் நர்கிஸ் புயலுக்குப் பிறகு ஐராவதி டெல்டாவில் இதே மாதிரித் தாள்களை நிரப்பியிருக்கிறேன். அந்தக் காலத்தில் யாருக்கும் இந்தப் பயம் தெரியாது. இப்போது நம் நாட்டில் ஒரு கூடாரத்தின் புள்ளி தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. எல்லா நாட்டுக்கும் ஒரே தாளை அனுப்பும் பழக்கம், அவ்வளவுதான். "எங்கள் சர்வர் பாதுகாப்பானது" என்பார்கள். 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு தன் சர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டதாக அறிவித்தது. 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம், அதிலும் போரில் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், காவலில் இருப்பவர்கள். இந்த விஷயத்தில் அவர்களைவிட ஜாக்கிரதையானவர்கள் உண்டா? அங்கேயே அப்படி என்றால் நம்மிடம் இருக்கக்கூடாத விவரத்தை நாம் எழுதவே கூடாது. எழுதாததைத் திருட முடியாது.

நான் கேட்பது இப்படி. ஒப்பந்தத்தோடு தரவுக்கென்று தனியாக ஒரு இணைப்பு போடச் சொல். அதில், கிராமக் குழும அளவில் கூட்டுத்தொகை மட்டும் கொடுப்போம். பத்துக் குடும்பத்துக்குக் குறைவாக இருக்கும் இடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துக் காட்டுவோம். கூடாரத்தின் ஜிபிஎஸ் கிடையாது. குடும்பத்தார் பெயரும் போனும் இனமும் கிடையாது. தன்னார்வலருக்குப் பெயர் இல்லை, ஒரு குறியீடுதான், எந்தக் குறியீடு யார் என்பது உங்கள் அலுவலகத்தில் ஒரே ஒருவருக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிந்த பிறகு அவர்களிடம் இருக்கும் பிரதி எப்போது அழிக்கப்படும் என்று தேதி. சொத்து என்ற சொல்லை எடுத்துவிட்டு, பயன்படுத்தும் உரிமை என்று மாற்று. வெளியிடும் முன் உங்களைக் கேட்க வேண்டும்.

இதை நீயாக இட்டுக்கட்டிய பிடிவாதம் என்று நினைத்துவிடப் போகிறார்கள். ஐஏஎஸ்சி தரவுப் பொறுப்புக்கு 2021-இல் வெளியிட்டு 2023-இல் திருத்திய வழிகாட்டியை எடுத்துக் காட்டு. தேவைக்கு மேல் சேகரிக்காதே, பகிரும் முன் ஆபத்தை எடைபோடு, பங்காளிகள் எழுத்தில் உடன்பாடு வை, எல்லாம் அதில் இருக்கிறது. அவர்கள் தலைமையகமே அதை ஏற்றிருக்கும், ரங்கூன் அலுவலகத்துக்கு நினைவூட்ட வேண்டியதுதான். ஐ.நா.வின் மனிதாபிமான அலுவலகமான ஓச்சா தரவு பகிர நடத்தும் எச்டிஎக்ஸ் தளத்தில்கூட ஆட்களின் சொந்த விவரத்தை ஏற்ற விடமாட்டார்கள், ஏறுவதைச் சோதித்துத்தான் வெளியிடுகிறார்கள்.

கொடுக்காததோடு நிற்காமல், கொடுப்பதைச் சுத்தமாகக் கொடு. உதவி அமைப்புகளுக்கான தகவல் பிரிவு மிமு ஒவ்வொரு ஊருக்கும் போட்ட பி-கோடு எண் உனக்குத் தெரியும்தானே? எல்லா ஊருக்கும் அந்த எண்ணைப் போடு. யுவாதிட் என்ற பெயரில் இந்த நாட்டில் எத்தனை ஊர்! பெயரை மட்டும் எழுதினால் இரண்டு அமைப்பின் கணக்கும் ஒன்றோடொன்று சேராது. பழைய கோப்புகளில் ஜவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றிவிடு. 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு வந்துவிட்டது, இன்னும் பாதிப் பேர் கம்ப்யூட்டரில் இரண்டும் கலந்து கிடக்கிறது. தேடினால் ஊரே கிடைக்காது. இப்படி ஒழுங்கான தாள் வந்தால், ஜிபிஎஸ் எங்கே என்ற பேச்சு தானாகக் குறையும்.

பெகுக்காரி:

இருவருக்கும் நன்றி. கணக்கப்பிள்ளை ஐயா, விகித வரிகளை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

மோல்மேன் அண்ணே, நேற்று இணைப்பு பற்றிப் பேச்செடுத்தேன். "மூலத் தரவு இல்லாமல் உங்கள் எண்ணிக்கை உண்மை என்று நாங்கள் எப்படி நம்புவது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தவுங்கூ பக்கம் ஒரு தங்கச்சி தகவல் எடுக்கிறாள். பள்ளிக்கூட நோட்டுதான் அவள் பதிவேடு. இடது பக்கம் கூடாரம், வலது பக்கம் விலை. யார் பெயரையும் எழுதமாட்டாள். "நீலத் தார்ப்பாய், பிள்ளை மூன்று, பாட்டிக்குக் காலில் புண்." "வாசலில் தையல் மெஷின், இரண்டு பேர், மாத்திரை தீர்ந்தது." அடுத்த வாரம் போனால் எந்த வீடு என்று அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வழிகாட்டியில் இருப்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. அதை அந்த எக்செல் கட்டத்துக்குள் எப்படி ஏற்றுவேன்?

இன்னொரு கேள்வி. ஒரு கோயில் அறக்கட்டளையிடமிருந்து சிறு தொகை வருகிறது, அதிலும் என் சம்பளத்தில் பாதி போகிறது. இரண்டு நிதியும் ஒரே ஆளுக்குக் கொடுப்பதில் தப்பு உண்டா?

மோல்மேன் அண்ணன்:

காட்டுவோம், கொடுக்கமாட்டோம் என்று சொல். அவர்கள் ஆள் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் அலுவலகத்துக்கு வரட்டும், குருட்டாம்போக்கில் சில ஊர்களை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அந்த ஊர் நோட்டை மேசையில் வை. எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். போட்டோ எடுக்கக் கூடாது, நோட்டு வெளியே போகக் கூடாது. தார்ப்பாய் நிறத்தைப் படித்தாலும் அவருக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் நோட்டு நிஜம் என்று விளங்கும். கூடவே அரிசி விலையை அவர்கள் வேறு வழியில் வாங்கிய விலையோடு ஒத்துப் பார்க்கலாம். விலை சரி என்றால் ஆள் ஊருக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். இதைவிட நல்ல சோதனை எக்செலில் இல்லை.

அந்தத் தங்கச்சிக்குப் போக்குவரத்துக் காசு பட்ஜெட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைக் கேள்.

திருகோணமலையான்:

நான் இலங்கை. பர்மா நிலைமை எனக்குத் தெரியாது, ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் தகவல் எடுத்த அனுபவம் உண்டு. அந்த நேரம் ஒரே முகாமுக்கு ஒரே கிழமையில் எத்தனையோ அமைப்புகள் தாளோடு வந்தன. ஒரே கேள்விகள். கடைசியில் சனம் களைத்துப் போய், "போன தரம் எழுதினீங்கள்தானே, அதைப் பாருங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. எடுத்த தகவல் திரும்ப அவையளிட்ட வரவே இல்லை. நீங்கள் ஒரு பக்கத்தை ஊருக்கே திருப்பி அனுப்புவது பெரிய விஷயம், ஒப்பந்தத்தில் அந்தச் செலவை ஒருபோதும் வெட்ட விடாதையுங்கோ. பணம் குறைந்தால் முதலில் வெட்டுவது மொழிபெயர்ப்பைத்தான்.

அடுத்தது, ஒப்பந்தம் நடுவில் நின்றால் என்ன என்று ஒரு பிரிவு வேணும். பஞ்சம் வருமுன் எச்சரிக்கிற ஃபியூஸ்நெட், அமெரிக்கப் பணத்தில் 1985-இலிருந்து இயங்கினது. நீங்கள் சொன்ன அதே 2025 ஜனவரி நிறுத்தத்தில் அதின்ர இணையத்தளமே அணைந்து போனது. பல வருட விலை விவரமும் வரைபடமும் சில மாதம் ஒருவருக்கும் எட்டவில்லை. அவ்வளவு பெரிய வேலைக்கே அந்தக் கதி. உங்கட தரவின் ஒரு முழுப் பிரதி உங்கட கையிலேயே இருக்கட்டும், அவையின்ர தளத்தை நம்பி இராதையுங்கோ. நிறுத்தினால் ஆட்களுக்கு ஒரு மாதச் சம்பளம், தளம் வைத்திருக்கிற செலவு, இரண்டையும் அந்தப் பிரிவில் கேளுங்கோ.

கணக்கப்பிள்ளை (ரங்கூன்):

சம்பளக் கேள்விக்கு: இரண்டு நிதியிலிருந்து ஒரு ஆளுக்குக் கொடுப்பதில் தப்பில்லை, ஒரே மணி நேரத்தை இரண்டு பேரிடமும் வசூலிப்பதுதான் தப்பு. மாதாமாதம் நேரத் தாள் எழுதுங்கள், இத்தனை சதவீதம் இந்த நிதி, மீதி அந்த நிதி. அதில் உங்கள் கையெழுத்தும் உங்களுக்கு மேல் உள்ளவர் கையெழுத்தும். இரண்டு நிதிதாரருக்கும் மற்றவர் இருப்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள், மறைத்ததாகப் பின்னால் பேச்சு வரக்கூடாது. வவுச்சர் ஒவ்வொன்றிலும் எந்த நிதி என்று முத்திரை குத்துங்கள். வாடகை ரசீது போல இரண்டுக்கும் பங்கு போகிற காகிதத்தில் இரண்டு முத்திரையும் விழும், பக்கத்தில் தொகையைப் பேனாவால் எழுதுங்கள். கோயில் பணம்தானே என்று கணக்கைத் தளர்த்தாதீர்கள். என் அனுபவத்தில் ஆடிட்டில் மாட்டுவது எப்போதும் சின்ன நிதிதான்.

பெகுக்காரி:

பேச்சுவார்த்தை முடிந்தது, என்ன ஆனது என்று எழுதுகிறேன்.

தரவு இணைப்பை ஏறக்குறைய முழுதாக ஒத்துக்கொண்டார்கள். நோட்டைக் காட்டும் யோசனை அவர்கள் கண்காணிப்பு அதிகாரிக்குப் பிடித்துப்போய், மற்றப் பங்காளிகளிடமும் இதையே செய்யலாமா என்று கேட்டார். ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுத்தேன்: கிணறு, குழாய் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் கொடுக்கிறோம், முகாமுக்குள் இருப்பவை தவிர. தண்ணீர் வண்டி அனுப்ப அது வேண்டும் என்றார்கள், நியாயம்தான். சொத்து என்ற வரி போய், இரு தரப்பும் பயன்படுத்தலாம் என்று வந்துவிட்டது.

விகிதம் வங்கிச் சீட்டின்படி. நடுவில் நிறுத்தினால் ஒரு மாதச் சம்பளம் உண்டு, தளச் செலவு கிடையாது. ஓவர்ஹெட்தான் எனக்கு வயிற்றெரிச்சல். அவர்களுடைய 7-ஐப் பிரித்து 3 எங்களுக்கு என்றார்கள். டீசலும் ஆடிட்டும் நேரடிச் செலவில் ஏறியதால் கமிட்டி சரி என்றுவிட்டது. வாடகை இன்னும் எங்கள் தலையில்தான். அடுத்த வருடம் இதே மேசைக்கு வந்தால் அங்கிருந்து தொடங்குவேன். தவுங்கூ தங்கச்சிக்கும் மற்றவர்களுக்கும் போக்குவரத்துக் காசு தனி வரியாக ஏறியிருக்கிறது, அண்ணே.

இப்போது அவசரத் தேவை வேறு. மோன் மொழிபெயர்ப்பாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். வாரம் ஒரு பக்கம், வியாழன் இரவுக்குள் முடிய வேண்டும், கூலி பட்ஜெட்டில் உண்டு. யாராவது தெரியுமா?

மோல்மேன் அண்ணன்:

தட்டோனில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார், மோனும் பர்மியும் சுத்தமாக எழுதுவார், தமிழ்கூடப் பேசுவார். அவரிடம் கேட்டுவிட்டுத் தனிமடல் போடுகிறேன். இணையம் அங்கே மாலையில்தான் வரும், வியாழன் என்பதைப் புதன் என்று சொல்லி வை.